ஈறு சொல்லும் செய்தி: இரத்தப் புற்றுநோயின் அடையாளங்கள் வாயில் தெரிவது எப்படி?



காலையில் பீலிக்கரையில் பல் விளக்கும்போது நாம் கேட்கும் பேச்சு இது:

"என்ன மதினி, துப்புறது எல்லாம் ரத்தமா இருக்கு?"

"அது ஒண்ணுமில்ல. ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கு. உப்புத் தண்ணியில கொப்பளிச்சா சரியாப் போயிரும்."

பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் அந்த மதினி சொல்வது சரியாகவே இருக்கும். ஈற்றில் இரத்தம் வருவது பெரும்பாலும் பல்லில் அழுக்குப் படிவதால்தான். ஆனால் எப்போதாவது ஒரு தடவை அந்த இரத்தம் ஈற்றின் கதையைச் சொல்வதில்லை. உடம்பு முழுக்க ஓடும் இரத்தத்தின் கதையைச் சொல்கிறது. அந்த ஒரு தடவையை அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்பதே இந்த இதழின் சுகாதாரப் பாடம்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடம் உங்களைப் பயமுறுத்த எழுதப்பட்டதல்ல. இரத்தப் புற்றுநோய் அடிக்கடி வருகிற நோய் அல்ல. ஆனால் வந்தால், வாரக்கணக்கில் தாமதிப்பது உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே பயப்படவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

மானிப்பாயிலிருந்து தொடங்குவோம்

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் என்றொரு ஊர் இருக்கிறது. 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இளம் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். நம்மவர்களுக்கு வைத்தியமும் கற்பித்தார். அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அங்கே உண்டு. அந்தக் காலத்தில் நமது முன்னோர் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கிறீன் செய்த பெரிய காரியம் என்னவென்றால், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியது. 1860களில் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலான பெரிய நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் அச்சாயின. ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர்களோ தங்கள் கிராமத்துச் சனங்களோடு இருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். 1884இல் காலமானார்.

அவர் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல்தான் ஜெர்மனியில் ருடோல்ப் பிர்க்கோ என்ற வைத்தியர் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். 'லுக்கீமியா' என்பது அந்தப் பெயர். கிரேக்க மொழியில் 'வெள்ளை இரத்தம்' என்று பொருள். இரண்டு வருடத்துக்கு முன்னர், 1845இல், பிர்க்கோவும் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜோன் ஹியூஸ் பெனற் என்பவரும் தனித்தனியே இந்த நோயை விவரித்து எழுதியிருந்தார்கள். பெனற் பார்த்த நோயாளி கூரைக்கு ஓடு வேயும் 28 வயதுத் தொழிலாளி. பிர்க்கோ பார்த்த நோயாளி ஒரு சமையற்காரப் பெண். உழைத்துச் சாப்பிடும் சனங்களின் உடம்பில்தான் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது.

மானிப்பாயில் கிறீன் தொடங்கிய வழியையே நாமும் பின்பற்றுகிறோம். நோயைப் பற்றி நம்முடைய மொழியில் பேசினால்தான் நம்முடைய வீட்டுக்குள் அது போய்ச் சேரும். யாழ்ப்பாணத்தார் 'முரசு' என்பதைத்தான் நாம் 'ஈறு' என்கிறோம். சொல் வேறு, சதை ஒன்றுதான்.

எலும்புக்குள் ஒரு நேர்சரி

நமது எலும்புகளுக்கு உள்ளே மெத்தென்ற ஒரு பொருள் இருக்கிறது. பாடசாலைப் புத்தகத்தில் பிள்ளைகள் அதை 'என்பு மச்சை' என்று படிக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள எல்லாக் கலங்களும் அங்கேதான் உற்பத்தியாகின்றன. தோட்டத்து நேர்சரியை நினைத்துக் கொள்ளுங்கள். மலையில் பட்டுப்போன செடிக்குப் பதில் வைக்க நேர்சரியில் எப்போதும் கன்று தயாராக இருக்க வேண்டும். அதுபோல என்பு மச்சையும் ஓயாமல் மூன்று வகைக் கன்றுகளை வளர்க்கிறது.

முதலாவது செங்குழியம். இது மூச்சுக் காற்றிலுள்ள ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழும்.

இரண்டாவது வெண்குழியம். இது கிருமியோடு சண்டை போடும் காவற்காரன். இதில் முக்கியமான ஒரு வகை இரத்தத்தில் ஒரு நாள் அளவுக்கே நிற்கும்.

மூன்றாவது குருதிச் சிறுதட்டு. இரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஓடிப்போய் அடைக்கிற ஆள் இதுதான். 7 முதல் 10 நாள் வரை உயிர்வாழும். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,00,000 வரை சிறுதட்டுகள் இருக்க வேண்டும்.

இந்த நேர்சரிக்குள் ஒரு களை புகுந்து கட்டுக்கடங்காமல் பெருகினால் என்ன ஆகும்? நல்ல கன்றுக்கு இடமில்லை, உரமில்லை. களை மட்டும் நிறைந்து நிற்கும். லுக்கீமியா இதுதான். முற்றி வளராத, வேலைக்கு உதவாத வெண்குழியங்கள் மச்சை முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன. இரத்தத்தில் வெண்குழியங்களின் எண்ணிக்கை கூடியிருந்தாலும் அவற்றால் கிருமியோடு போராட முடியாது.

இதன் உறவு நோய்கள் இரண்டு உண்டு. நெறிக்கட்டிகளில் தொடங்குவது 'லிம்போமா'. மச்சையில் உள்ள இன்னொரு வகைக் கலம் பெருகி எலும்பையே அரிப்பது 'மைலோமா'. இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். லுக்கீமியாவோ பிள்ளைகளையும் விடுவதில்லை. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான்.

வாயில் ஏன் தெரிகிறது?

வாய் ஓயாமல் வேலை செய்யும் இடம். மெல்லுகிறோம், கடிக்கிறோம், சூடாகக் குடிக்கிறோம். சின்னச் சின்னக் காயங்கள் தினமும் ஏற்படுகின்றன. சிறுதட்டு போதியளவு இருந்தால் அவை நமக்குத் தெரியாமலே அடைபட்டுவிடும். அது குறைந்தால் அந்தச் சின்னக் காயமே இரத்தமாகக் கசியும்.

அடுத்து, வாய்க்குள் எப்போதும் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. காவற்காரன் சரியாக இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். காவல் விழுந்தால் ஈற்றிலும் நாக்கிலும் புண்ணாக வெளிப்படும். மேலும், வாயின் உட்தோல் சில நாட்களுக்குள்ளேயே புதுப்பிக்கப்படுவது. உடம்பின் குறை அங்கே சீக்கிரம் தெரியும். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க ஒரு டோர்ச் போதும், கத்தி வேண்டியதில்லை. ஆகவே சில நோயாளிகளில் முதல் அடையாளத்தைக் கண்டுபிடிப்பவர் பல் வைத்தியராகவே இருந்துவிடுகிறார்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஒன்று: காரணமில்லாத இரத்தக் கசிவு. பிரஷ் படாமலே ஈற்றிலிருந்து இரத்தம் கசிவது; காலையில் எழும்பும்போது தலையணையில் இரத்தக் கறை இருப்பது; வாயில் இரத்தக் கட்டி நிற்பது. இவை சாதாரண ஈற்று நோயில் அவ்வளவாக நடப்பதில்லை.

இரண்டு: புள்ளிகளும் கண்டலும். மேலண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஊசிமுனையால் குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறையாது. இதோடு கை காலில் அடிபடாமலே நீலக் கண்டல் விழும். "எங்க போய் விழுந்த?" என்று பிள்ளையை அதட்டுமுன் அதன் வாயையும் திறந்து பாருங்கள்.

மூன்று: ஈறு வளர்தல். ஈறு வெளிறியோ கருஞ்சிவப்பாகவோ வீங்கி, மெத்தென்று, பல்லையே மூடுமளவுக்கு வளரும். லுக்கீமியாவின் சில வகைகளில் நோய்க் கலங்களே ஈற்றுக்குள் புகுந்து தங்குவதால் இப்படி ஆகிறது. பல்லில்லாத இடத்தில் இந்த வீக்கம் பொதுவாக வருவதில்லை. சில வாரங்களில் கிடுகிடுவென்று வளர்வதுதான் இதன் முக்கிய அடையாளம்.

நான்கு: ஆறாத புண். சாதாரண அக்கரம் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். வெண்குழியம் குறைந்தவரின் புண் ஆழமாக, சாம்பல் நிறமாக, வலியோடு இருக்கும். ஒன்று ஆறுமுன் இன்னொன்று வரும். கைக்குழந்தை அல்லாத ஒருவரின் நாக்கில் தயிர் படிந்தது போல வெள்ளை படிந்து, துடைத்தால் சிவந்து இரத்தம் கசிந்தால், உடம்பின் காவல் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்து: வெளிறிய வாய். உதடு, ஈறு, நாக்கு எல்லாம் வெளுத்துப் போவது. இதோடு மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, உடம்பு அசதி.

ஆறு: பல் ஆடுவதும் தாடை வீக்கமும். நல்ல பல் காரணமில்லாமல் ஆடுவது, தாடை ஒரு பக்கம் வீங்குவது. ஆபிரிக்காவின் உகண்டாவில் பிள்ளைகளின் தாடை வீங்கிப் பல் ஆடுவதை டெனிஸ் பேர்கிற் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் கவனித்து 1958இல் எழுதினார். அது ஒரு வகை லிம்போமா என்று பின்னர் தெரிந்தது. இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது.

ஏழு: கீழுதடும் நாடியும் மரத்துப் போதல். பல் பிடுங்க ஊசி போட்டது போல ஒரு பக்க உதடு உணர்வற்றுப் போவது. வலி இல்லை என்று இதை விட்டுவிடக் கூடாது. மைலோமா, லிம்போமா போன்றவை தாடை எலும்புக்குள் நரம்பை அழுத்தும்போது இப்படி வரலாம். மைலோமா உள்ள சிலருக்கு நாக்கு தடித்து, ஓரத்தில் பல் பதிந்த தடமும் தெரியும்.

எல்லா இரத்தமும் புற்றுநோய் அல்ல

மேலே சொன்னதை வாசித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று கலங்க வேண்டாம். ஈற்றில் இரத்தம் வருவதற்குச் சாதாரணக் காரணங்கள் பல உண்டு.

பல்லில் அழுக்கும் காரையும் படிவது முதற் காரணம். மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஒழுங்காக விளக்கினால் இரண்டு வாரத்தில் இரத்தம் குறையத் தொடங்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஈறு வீங்குவதுண்டு. பழமும் காய்கறியும் சேராதவர்களுக்கு உயிர்ச்சத்து 'சி' குறைந்து ஈறு கசியும். வலிப்பு நோய்க்குக் குடிக்கும் பெனிற்றோயின், இரத்த அழுத்தத்துக்குக் குடிக்கும் நிபெடிப்பீன், அம்லோடிப்பீன் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு ஈறு வளரும். இருதய நோய்க்கு அஸ்பிரின் அல்லது வோபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் நிற்கச் சுணங்கும். இவர்கள் யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. கிளினிக்கில் சொல்ல வேண்டும். டெங்குக் காய்ச்சலிலும் சிறுதட்டு குறைந்து ஈறு கசியும், புள்ளி விழும். காய்ச்சலோடு இவை வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அஸ்பிரின், புரூபன் வகைகளைக் கொடுக்காதீர்கள்.

நமது தோட்டங்களில் இரண்டு காரியம் இந்த அடையாளங்களை மறைத்துவிடுகிறது.

முதலாவது வெற்றிலை. வெற்றிலை போட்ட வாயில் எது சாயம், எது இரத்தம்? மேலண்ணத்துப் புள்ளி தெரியுமா? வெளிறிய ஈறு தெரியுமா? எதுவும் தெரியாது. வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் வேறு, இங்கே பேசும் இரத்தப் புற்றுநோய் வேறு. ஆனால் இரண்டையும் கண்டுபிடிக்கத் தடையாக இருப்பது அதே சிவப்புச் சாயம்தான். விட முடியாதவர்கள்கூட மாதம் ஒரு நாளாவது போடாமல் இருந்து, வாயை நன்றாகக் கொப்பளித்து, பகல் வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது இரத்தச் சோகை. நமது பெண்களில் பலருக்கு இது இருப்பதால், யாராவது வெளிறிப் போனால் "அது ரத்தம் பத்தாதது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் குறைந்தால் நாக்கு வழுவழுப்பாகி எரியும், கடைவாய் வெடிக்கும், வாய் வெளிறும். அதற்குக் கிளினிக்கில் தரும் மாத்திரையைத் தவறாமல் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும்; ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் மாத்திரையை ஒழுங்காகக் குடித்தும் தேறவில்லை, அதோடு இரத்தக் கசிவு அல்லது விடாத காய்ச்சலும் இருக்கிறது என்றால், அது வெறும் சோகை அல்ல. மறுபடி இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

எப்போது போவது?

இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

ஈற்றில் இரத்தம் மட்டும், வேறு ஒன்றும் இல்லை: இரண்டு வாரம் ஒழுங்காகப் பல் விளக்குங்கள். குறையாவிட்டால் பல் வைத்தியரிடம் போங்கள்.

வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை, ஈறு வளர்கிறது, உதடு மரத்திருக்கிறது, பல் காரணமின்றி ஆடுகிறது: காத்திராமல் அந்த வாரமே போங்கள்.

வாயில் இரத்தம் அல்லது சிவப்புப் புள்ளியோடு காய்ச்சல், கண்டல், மிகுந்த வெளிறல், எலும்பு நோவு, நெறி கட்டுதல் இவற்றில் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளை "கால் வலிக்குது" என்று நடக்க மறுத்து வெளிறியும் இருந்தால், அதுவும் இந்த வகைதான்.

இரத்தம் நிற்கவே இல்லை, ஆள் மயங்குகிறார்: 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

முதலில் கையில் சிறிது இரத்தம் எடுத்து முழு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். 'எப்.பி.சி.' என்று துண்டில் எழுதுவது இதுதான். மூன்று வகைக் கலங்களின் எண்ணிக்கையும் அதில் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அதிலும் சந்தேகம் என்றால் மச்சைப் பரிசோதனை. இடுப்பு எலும்பின் பின்பக்கத்தில் மரக்க ஊசி போட்டு, கொஞ்சம் மச்சையை எடுப்பார்கள். "எலும்புல ஊசி குத்துனா கால் வெளங்காமப் போயிரும்" என்று லயத்தில் சொல்வார்கள். அது உண்மையல்ல. இரண்டு மூன்று நாள் நோவு இருக்கும், அவ்வளவுதான்.

பல் பிடுங்குமுன் ஒரு வார்த்தை

ஈறு வீங்கிப் பல் ஆடினால் "புடுங்கிப் போட்டா சரி" என்று நினைக்கிறோம். இரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு அது பேராபத்து. சிறுதட்டு 50,000இலும் குறைந்தால் பல் பிடுங்குவதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். 20,000இலும் குறைந்தால் தானாகவே இரத்தம் கசியலாம். ஆகவே பல் வைத்தியரின் கதிரையில் உட்காரும்போது நீங்களே சொல்ல வேண்டியவை மூன்று: அண்மையில் கண்டல், காய்ச்சல், அசதி இருந்ததா? என்ன மாத்திரை குடிக்கிறீர்கள்? முன்பு பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கச் சுணங்கியதா? மைலோமாவுக்கு எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுகிறவர்கள் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த ஊசி போட்டவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

சந்தையிலோ திருவிழாவிலோ பல் பிடுங்குபவரிடம் போகவே வேண்டாம். ஈற்றில் புகையிலைச் சாறு, சுண்ணாம்பு வைக்க வேண்டாம்.

குன்னூரிலிருந்து வந்த மருந்து

"புற்றுநோய்னா முடிஞ்சு போச்சு" என்று இன்னும் சொல்கிறோம். அதை மாற்றிய கதையில் நம்மைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1928இல் இந்தியா வந்தார். பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள் கடும் இரத்தச் சோகையால் இறப்பதற்குக் காரணம் தேடினார். நீலகிரித் தேயிலை மலையான குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்திலும் ஆராய்ச்சி செய்தார். மாமைற் என்ற நுரைமச் சாற்றைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறுவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்துதான் போலிக் அமிலம். இன்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தருகிறார்களே, அதுவே.

பின்னர் அமெரிக்காவில் சிட்னி பாபர் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். போலிக் அமிலம் இரத்தக் கலங்களை வளர்க்கிறது என்றால், அதன் வேலையைத் தடுக்கும் மருந்து நோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்காதா? அப்படியொரு மருந்தைச் செய்துகொடுத்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் பாபர் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது.  இன்று நல்ல வசதியுள்ள நிலையங்களில், பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லுக்கீமியா வகையில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் தப்பிப் பிழைக்கிறார்கள். 2001 முதல் இன்னொரு வகை லுக்கீமியாவுக்குத் தினமும் விழுங்கும் மாத்திரை ஒன்றே போதுமானதாகியிருக்கிறது.

நமது நாட்டில் மகரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. வடக்கில் மானிப்பாய்க்கு அப்பால் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 2011இல் நாட்டின் தென்முனையான தெவுந்தரவிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை சனங்கள் நடந்து சேர்த்த பணம் அதற்கு உதவியது. சாதி, மொழி பாராமல் நடந்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

சிகிச்சை நடக்கும் காலத்தில் வாயைப் பார்ப்பது வீட்டாரின் வேலை. மிக மென்மையான பிரஷ், சாப்பிட்ட பிறகு உப்புக் கலந்த ஆறிய நீரில் கொப்பளிப்பு, காரமும் சூடும் இல்லாத மென்மையான உணவு. காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், இரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக ஒன்று

பாடத்தில் சொன்ன மருந்துகளும் வைத்தியசாலைகளும் இருந்தும் நமது சனங்கள் சுணங்கிப் போவது ஏன் என்று நமக்குத் தெரியும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாள் பேர் இல்லை. பஸ்ஸுக்கு ஒரு செலவு. டவுனில் வரிசையில் நின்று, துண்டு எழுதி, "நாளைக்கு வாங்க" என்றால் அடுத்த நாள் பேரும் இல்லை. பிள்ளையைக் கூட்டிப் போகும் தாய்க்கு இரண்டு மடங்கு கஷ்டம். "இந்த மாசம் சம்பளம் போடட்டும், பார்ப்போம்" என்று அவள் சொல்வது அலட்சியத்தால் அல்ல.

ஆனால் வேகமாகப் பரவும் லுக்கீமியா சம்பள நாள் வரை காத்திருக்காது. ஆகவே இதைத் தாயின் தலையில் மட்டும் போடக் கூடாது. பக்கத்துக் காம்பிராக்காரர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் லீவு கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். பிள்ளைக் காம்பிராவில் வேலை செய்பவர்கள் வெளிறிப்போன பிள்ளையின் வாயை ஒருமுறை பார்த்து, தாயிடமும் டிஸ்பென்சரியிலும் சொல்லலாம். மரணாதார சங்கத்துக்கு மாதம் பணம் கட்டுகிறோம். அதுபோல லயத்துக்கு ஒரு சிறிய 'ஆஸ்பத்திரிப் பணம்' சேர்த்து வைத்தால் செத்த பிறகு உதவுவதற்கு முன் உயிரோடிருக்கும்போதே உதவலாம்.

நாளைக் காலை பீலிக்கரையில் மதினி மறுபடியும் இரத்தம் துப்பினால், "உப்புத் தண்ணியில கொப்பளி" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எத்தனை நாளா வருது? ஒடம்புல எங்கயாவது கண்டல் இருக்கா? காய்ச்சல் அடிக்குதா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால், அவளோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. ஈற்றில் வரும் இரத்தம் எப்போது சாதாரணமானது? எப்போது அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
2. பல் பிடுங்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டிய மூன்று விடயங்கள் எவை?
3. வெற்றிலைச் சாயம் எந்தெந்த அடையாளங்களை மறைக்கிறது?
4. நமது லயத்தில் ஒருவருக்கு நோய் என்றால், ஒரு நாள் பேர் போகாமல் அவருக்கு உதவ நாம் என்ன செய்யலாம்?

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் பாட்டிமாருக்கு உரக்க வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.